வெறும் வயிற்றில் ஓடவிட்டேன்

நான் உடற்கல்வி ஆசிரியர். பல ஆண்டுகள் பிள்ளைகளைப் பசியோடு ஓடவிட்டிருக்கிறேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. ஓடும் உடலுக்குச் சக்தி எங்கிருந்து வருகிறது என்பதைப் படித்து, தேர்வில் எழுதி, மதிப்பெண் வாங்கித்தான் இந்த வேலைக்கு வந்தேன்.

அன்று எழுதிய பதில் இன்றும் மனப்பாடம். முதல் பத்து விநாடி வரை தசைக்குள் தயாராக இருக்கும் பாஸ்போகிரியேட்டின் கைகொடுக்கும். அதற்கு மேல் வேகமாக ஓட மாவுச்சத்து வேண்டும். சோறோ இட்லியோ கேழ்வரகுக் களியோ, எதைச் சாப்பிட்டாலும் அதிலுள்ள மாவுச்சத்து குளுக்கோஸாக மாறுகிறது. அதில் ஒரு பகுதியை உடல் கிளைகோஜனாகச் சேர்த்துவைக்கிறது. நன்றாகச் சாப்பிடும் ஒரு பெரியவருக்குக் கல்லீரலில் சுமார் 100 கிராம், தசைகளில் சுமார் 400 கிராம் இருக்கும். கொழுப்பு கிலோக்கணக்கில் கிடக்கிறது, கிராமுக்கு 9 கலோரியும் தருகிறது. ஆனால் அது நிதானமாகத்தான் எரியும். வேகம் கூடக்கூட உடல் கிளைகோஜனைத்தான் தேடும்.

இவ்வளவும் தெரிந்த நான் மாணவர்களிடம் சொன்னது இதுதான்: "ராத்திரி சோத்தைக் குறைங்கடா. உடம்பு கனத்தா கால் எழும்பாது." காலை ஆறு மணிக்கு மைதானத்துக்கு வரும்போது வயிறு காலியாக இருக்க வேண்டும் என்பது என் கட்டளை. ஒரு டீ குடித்துவிட்டு வரலாம், அவ்வளவுதான். நடுவில் தண்ணீர் கேட்டவர்களை அதட்டியிருக்கிறேன். எனக்குப் பயிற்சி கொடுத்தவர் அப்படித்தான் நடத்தினார். நானும் அப்படியே நடத்தினேன். படித்தது தேர்வோடு போயிற்று. நான் மட்டும் வீட்டில் இட்லி சாப்பிட்டுவிட்டு வந்து விசில் ஊதினேன்.

உண்மை என் கையிலிருந்த நோட்டிலேயே இருந்தது. 800 மீட்டர், 1500 மீட்டர் ஓடும் பிள்ளைகளின் நேரத்தைத் தேதி போட்டு எழுதிவைப்பேன். திங்கட்கிழமை எல்லோரும் நன்றாக ஓடியிருப்பார்கள். வியாழன், வெள்ளி ஆக ஆக நேரம் கூடும். சனிக்கிழமை மோசம். வார இறுதியில் சோம்பேறித்தனம் வந்துவிடுகிறது என்று முடிவுகட்டி, சனிக்கிழமைகளில் கூடுதலாக இரண்டு சுற்று ஓடவைத்தேன். நடந்தது வேறு. கடும் பயிற்சியில் காலியான தசைக் கிளைகோஜன் திரும்ப நிரம்ப, நன்றாகச் சாப்பிட்டாலே ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். இரவுச் சோற்றைக் குறைத்த பிள்ளைக்கு அது நிரம்பவே நிரம்பாது. ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிடக் குறைந்த இருப்போடு ஓடினார்கள். ஞாயிற்றுக்கிழமை ஓய்வெடுத்து வீட்டில் வயிறாரச் சாப்பிட்டதும் திங்கட்கிழமை கால் எழும்பியது. வாரா வாரம் என் கையெழுத்திலேயே இருந்த கணக்கு இது. நான் அதைப் படிக்கவில்லை.

ஒரு போட்டியில் 800 மீட்டர் ஓடிய பத்தாம் வகுப்பு மாணவி இரண்டாவது சுற்றில் தடுமாறி விழுந்தாள். மருத்துவமனையில் டாக்டரம்மா அவளிடம் முதலில் கேட்டது, "காலைல என்னம்மா சாப்பிட்ட?" என்பதுதான். "டீ மட்டும். சார் வெறும் வயித்துல ஓடச் சொல்லியிருக்காரு" என்றாள். அத்தனை காலம் பயிற்சி கொடுத்த நான் அந்தக் கேள்வியை அவளிடம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

இரவு முழுவதும் மூளைக்குக் குளுக்கோஸ் கொடுத்துக்கொண்டிருப்பது கல்லீரல். தசையில் இருப்பது அந்தத் தசைக்கு மட்டும்தான், ரத்தத்துக்குத் திரும்பி வராது. ஆகவே விடியும்போது கல்லீரலின் இருப்பு வெகுவாகக் குறைந்திருக்கும். அதே நிலையில் ஓடவிட்டால் தலைசுற்றலும் நடுக்கமும் வரத்தான் செய்யும். இதொன்றும் புதிய கண்டுபிடிப்பு அல்ல. 1924-இல் பாஸ்டன் மாரத்தானை ஓடி முடித்தவர்களின் ரத்தத்தை மருத்துவர்கள் சோதித்தார்கள். சோர்ந்து வெளிறிப்போனவர்களுக்குச் சர்க்கரை மிகவும் இறங்கியிருந்தது. மறு ஆண்டு மாவுச்சத்தும் மிட்டாயும் கொடுத்து ஓடவைத்தபோது அந்தச் சோர்வு வரவில்லை.

அந்த மாணவிக்கு ரத்தசோகையும் இருந்தது. பெண்களுக்கு 12 இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் அவளுக்கு 9-ஐ எட்டவில்லை. விறகிருந்தும் காற்றுப் புகாத அடுப்பைப் போன்றது அந்த உடல். தசைக்கு ஆக்சிஜன் போய்ச் சேராது. சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கும் டீ, உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் உறிஞ்சுவதைக் குறைக்கிறது. நான் அனுமதித்த ஒரே பொருள் அந்த டீ.

இதைவிடச் சொல்லக் கூசுகிற ஒன்று உண்டு. அவளுக்கு மாதவிடாய் மாதக்கணக்கில் நின்றுபோயிருப்பதாக ஆசிரியை ஒருவர் முன்பே என்னிடம் சொல்லியிருந்தார். "பயிற்சி எடுத்தா அப்படித்தான் மேடம்" என்று சொல்லிவிட்டேன். போட்டிக்கு அது வசதி என்றுகூட நினைத்தேன். செலவழிக்கிற சக்திக்கு ஏற்ற உணவு கிடைக்காத உடல், உயிர் பிழைக்க அவசரமில்லாத வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்துகிறது. எலும்பும் பலவீனமாகிறது. சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-இல் இந்த நிலைக்குத் தனியாகப் பெயர் வைத்து எச்சரித்தது. எச்சரிக்கை என் காதுக்கே வந்தும் தட்டிக்கழித்தேன்.

அவள் உடல் தேறினாள். ஆனால் மைதானத்துக்குத் திரும்பவில்லை. அவள் அம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது என் பிள்ளைகள் ஓடுவதற்கு அரை மணி நேரம் முன்பு ஒரு வாழைப்பழமாவது சாப்பிடுகிறார்கள். ஓடி முடித்ததும் சுண்டல், கடலை மிட்டாய், சில நாள் அவித்த முட்டை. இரவில் வயிறு நிறையச் சோறு. தண்ணீர் எப்போது வேண்டுமானாலும். புரதப் பொடி வாங்கச் சொல்லி எந்தப் பெற்றோரையும் நான் நெருக்குவதில்லை. சோறும் பருப்பும் முட்டையும் கடலையும் ஒழுங்காகக் கிடைத்தால் இந்த வயதில் ஓடுபவர்களுக்கு அது போதும். சனிக்கிழமை நேரங்கள் இப்போது திங்கட்கிழமையை விட்டு அதிகம் விலகுவதில்லை.

தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரைதான். அதிகாலையில் பள்ளி மைதானத்துக்கு வந்து ஓடுகிறவர்கள் பெரும்பாலும் அதற்கு மேல் படிக்கிற பிள்ளைகள். அரசு அந்தத் திட்டத்தை அவர்களுக்கும் விரிவாக்க வேண்டும். அதுவரை, சக உடற்கல்வி ஆசிரியர்களே, விசிலை எடுப்பதற்கு முன் ஒவ்வொரு பிள்ளையிடமும் சாப்பிட்டாயா என்று கேளுங்கள். இல்லை என்றால் அன்றைக்கு ஓடவிடாதீர்கள்.