நாற்பது வளைவுகள்

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்குச் சுமார் 65 கிலோமீட்டர். சமவெளியில் இந்தத் தூரம் ஒரு பொருட்டே அல்ல. வெற்றிலை மென்று முடிப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் ஆழியாறு அணையைத் தாண்டியதும் ஆனைமலை எழுந்து நின்று, "வா அப்பா, வா! இனிமேல் உன் சாமர்த்தியத்தைக் காட்டு!" என்கிறது. அங்கிருந்து மேலே ஏறக் கொண்டை ஊசி வளைவுகள் 40. ஒவ்வொரு வளைவுக்கும் எண் எழுதிப் பலகை வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிப்பது போலக் குழந்தைகள் அந்த எண்களை உரக்கச் சொல்லிக்கொண்டே வருகிறார்கள். பதினைந்துக்கு மேல் பெரும்பாலான குழந்தைகளுக்குக் குரல் எழும்புவதில்லை. வேறு ஏதாவதுதான் எழும்புகிறது.

ஒன்பதாவது வளைவில் 'லோம்ஸ் வியூ' என்ற இடம். அங்கே நின்று கீழே பார்த்தால் ஆழியாறு நீர்த்தேக்கம் யாரோ கைதவறிப் போட்டுவிட்ட முகக்கண்ணாடி மாதிரிக் கிடக்கிறது. பாறைமேல் வரையாடு ஒன்று நின்று, வருகிற கார்களை அலட்சியமாகப் பார்க்கும். இந்தக் காடு 2007-ஆம் ஆண்டிலிருந்து புலிகள் காப்பகம். இன்னும் மேலே போனால் காடு விலகித் தேயிலைத் தோட்டங்கள் தொடங்குகின்றன. கவர்க்கல் பக்கம் மூடுபனி இறங்கிவிட்டால், காரின் மூக்கே காருக்குத் தெரியாது.

இந்த அழகையெல்லாம் வர்ணிக்க எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது, அந்த அழகுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சாலையோரத்தில் பானெட்டைத் திறந்து வைத்து, அதற்குள் தலையை நுழைத்துக் கொண்டிருக்கிறார்களே, அவர்களைப் பற்றி!

விடுமுறை நாட்களில் இப்படி நாலைந்து பேரையாவது பார்க்கலாம். பக்கத்திலே குடும்பம் நிற்கும். மனைவி கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருப்பாள். மாமனார் மட்டும் அருகில் போய், "மெக்கானிக்கைக் கூப்பிட்டால் என்ன, மாப்பிள்ளை?" என்பார். பானெட்டுக்குள்ளிருந்து, "வேண்டாம் மாமா, போன வாரம் நானே கழற்றி மாட்டியதுதான்!" என்று பதில் வரும். அதனால்தான் வண்டி நின்றிருக்கிறது என்பது மாமனாருக்குத் தெரியும். ஆனால் பெண்ணைக் கொடுத்தவர் எதைத்தான் வாய்விட்டுச் சொல்ல முடியும்?

வீட்டு வாசலில் செய்த ரிப்பேருக்கெல்லாம் மலைதான் பரீட்சை அதிகாரி. சமவெளியில் எட்டு மாதம் ஓடக்கூடிய அரைகுறை வேலை, இங்கே எட்டாவது வளைவில் பல்லைக் காட்டிவிடும்.

ஆழியாற்றில் ஒரு டீக்கடையில் எனக்கு ஒரு மெக்கானிக் அறிமுகமானார். வயது அறுபதுக்கு மேல். இந்தச் சாலையில் நாற்பது வருஷமாக ஸ்பானர் பிடித்தவர். "பேர் மட்டும் போட்டுடாதீங்க, தம்பி" என்ற நிபந்தனையோடு, தாம் பார்த்த கூத்துகளைச் சொன்னார்.

சாம்பார் மணந்த ரேடியேட்டர்

முதல் கூத்து ரேடியேட்டர் மூடி. அது வெறும் மூடி என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது பிரஷர் குக்கர் மூடிக்குத் தம்பி. உள்ளே அழுத்தம் இருக்கும்வரை தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடியானால், சுமார் 120 டிகிரி வரை அடங்கிக் கிடக்கும். மலைமேல் காற்றழுத்தம் குறைவு; வால்பாறை உயரமான சுமார் 3,500 அடியில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஏற்றத்தில் முக்கி முனகி வந்த வண்டியின் மூடியைச் சட்டென்று திறந்தால் என்ன ஆகும்? அடங்கிக் கிடந்த தண்ணீர் முழுவதும் ஒரே பாய்ச்சலாக முகத்துக்கு வரும். அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். ஆனால் சும்மா உட்காருவதுதானே நமக்குத் தெரியாத வித்தை!

பழைய அம்பாசடர் டிரைவர்களிடம் ஒரு கைவைத்தியம் உண்டு. ரேடியேட்டர் சொட்டினால் கொஞ்சம் மஞ்சள்தூளைக் கரைத்து ஊற்றுவார்கள். தூள் ஊறிப் போய் ஓட்டையில் அடைத்துக்கொள்ளும். ஊர் போய்ச் சேரலாம். இதைக் கேள்விப்பட்ட ஒருவர், அவசரத்தில் மனைவியின் கூடையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து முழுவதையும் கொட்டிவிட்டார்.

"ரெண்டு வளைவு போறதுக்குள்ளே கல்யாண வீட்டு வாசனைங்க, தம்பி! மனுஷன் கொட்டினது சாம்பார்ப்பொடி!" என்று மெக்கானிக் சிரித்தார். மிளகாய் கலந்த ஆவியில் எல்லோரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார்களாம். மஞ்சளேயானாலும் அளவு மிஞ்சினால் ஓட்டையோடு நல்ல குழாய்களையும் அடைத்துவிடும். பிறகு சூடு இன்னும் ஏறும்.

குரங்கு கொண்டுபோன நட்டு

இன்னொருவர் பஞ்சரான சக்கரத்தைக் கழற்றி, நான்கு நட்டுகளையும் பத்திரமாக ஒரு முறுக்குப் பையில் போட்டுக் கைப்பிடிச் சுவரில் வைத்தார். இந்தச் சாலையில் குரங்குகளுக்கு ஒரு சாஸ்திரம் உண்டு: பை என்று ஒன்று இருந்தால் அதற்குள் தின்பண்டம் இருந்தே தீரும். பை மரத்தின்மேல் போய்விட்டது. நட்டுகள் ஒவ்வொன்றாகப் பள்ளத்தில் விழுந்தன. அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அவருடைய மனைவிதான், "மற்ற மூன்று சக்கரத்திலும் நந்நான்கு இருக்கிறதே, ஒவ்வொன்று கடன் வாங்கினால் என்ன?" என்று கேட்டாள். சக்கரத்துக்கு மூன்று நட்டாக, ஆமை வேகத்தில் பொள்ளாச்சிக்கு இறங்கினார்களாம். அவசரத்துக்கு அது சரி. அப்படியே ஊரெல்லாம் சுற்றக் கூடாது.

சிரிக்க முடியாத கதைகள்

பிரேக் பற்றிப் பேச ஆரம்பித்ததும் மெக்கானிக்கின் முகத்தில் சிரிப்பு மறைந்தது.

டிஸ்க் பிரேக்கின் பாடில் ஒரு பக்கம் உராயும் பொருள், மறுபக்கம் இரும்புத் தகடு. உராயும் பக்கம் டிஸ்கைப் பார்த்திருக்க வேண்டும். ஒருவர் தலைகீழாக மாட்டிவிட்டார். கறகறவென்று சத்தம். "புதுப் பிரேக் அப்படித்தான்; போகப் போகச் சரியாகிவிடும்" என்று குடும்பத்தாருக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டே மேலே வந்திருக்கிறார். ஏறும்போது பிரேக்குக்கு வேலை குறைவு. இறங்கியிருந்தால்? நல்லவேளை, வழியில் டீ குடிக்க நிறுத்தியபோது சத்தம் மெக்கானிக்கின் காதில் பட்டது.

இன்னொருவர் பாடுகளைச் சரியாகத்தான் மாட்டினார். ஆனால் மாட்டுவதற்காகப் பின்னுக்குத் தள்ளிய பிஸ்டன்கள் திரும்ப முன்னுக்கு வந்து பாடைத் தொடும்வரை, பெடலை நாலைந்து முறை மிதிக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை. காரைப் பின்னுக்கு எடுத்தார், பிரேக்கை மிதித்தார், பெடல் தரைவரை போயிற்று. வீட்டுத் துளசி மாடம் கார் நிற்க உதவி செய்தது. "துளசித்தாய் காப்பாத்திட்டா. இங்கே வளைவிலே துளசி மாடம் ஏதுங்க?" என்றார் மெக்கானிக்.

பிரேக் ஆயில் குறைந்தால் இஞ்சின் ஆயிலை ஊற்றுகிறவர்களும் உண்டு. உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் அதில் ஊறி உப்பிக் கெட்டுவிடும். சரியான ஆயிலே கூடப் பழசானால் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இறக்கம் முழுவதும் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால், அந்த ஈரம் சூட்டில் கொதித்து ஆவியாகும். ஆவி அழுத்தினால் சுருங்கிவிடும். பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், வண்டி நிற்காது. ஆகையால்தான், எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரில் இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொன்னார்கள். பெட்ரோலை மிச்சம் பிடிக்க இஞ்சினை அணைத்து இறங்குகிறவர்களை என்ன சொல்வது? இஞ்சின் நின்றால் பிரேக்குக்குத் துணை செய்யும் வாக்குவமும் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துவிடும்.

"சரி, இத்தனை பேர் தவறைச் சொன்னீர்கள். உங்கள் கையால் ஒன்றும் நடந்ததில்லையா?" என்று விளையாட்டாகக் கேட்டேன்.

அவர் டீக் கிளாஸைக் கீழே வைத்தார். சற்று நேரம் பேசவில்லை.

"முப்பது வருஷம் இருக்குமுங்க, தம்பி. மேலே ஒரு வளைவிலே வேன் ஒண்ணு நின்னுபோச்சு. பின்சக்கரத்துக்கு ரெண்டு கல்லை முட்டுக் கொடுத்திட்டு, கிளட்ச் கேபிளை மாத்தினேன். ஸ்பானர், பிளையர், திருப்புளி எல்லாத்தையும் எண்ணிப் பையிலே போட்டேன். ஒண்ணும் குறையலைங்க. வேன் கிளம்புச்சு, நானும் அதிலேயே ஏறிப் போயிட்டேன். கல்லு ரெண்டும் ரோட்டிலேயே கிடந்துச்சு."

அன்றிரவு மூடுபனி. எஸ்டேட் பையன் ஒருவன் மோட்டார் சைக்கிளில் வந்தான். கல் தெரியவில்லை. முழங்கால் நொறுங்கிவிட்டது. உயிர் பிழைத்தான், ஆனால் இன்றும் விந்தித்தான் நடக்கிறான்.

"இப்பவும் மேலேதான் இருக்கானுங்க. என்னைப் பார்த்தா, 'வாங்கண்ணா'ன்னு கூப்பிட்டு டீ வாங்கித் தருவான். கல்லை வெச்சது யாருன்னு அவனுக்குத் தெரியாது. சொல்லலாம்னு பலதடவை போயிருக்கேன். அவன் டீயை நீட்டினதும் வாய் வராதுங்க."

அந்த நாளிலிருந்து இந்தச் சாலையில் எங்கே கல் கிடந்தாலும் வண்டியை நிறுத்தி இறங்கி, ஓரத்துக்குத் தள்ளிவிட்டுத்தான் போகிறாராம். யார் வைத்த கல் என்று பார்ப்பதில்லை.

"பேர் போட வேண்டாம். ஆனா கல்லுச் சமாசாரத்தை எழுதுங்க, தம்பி. அவன் வீட்டிலே பத்திரிகை வாங்குறாங்க. படிச்சா அவனுக்கே புரிஞ்சிடும். புரியட்டும்."

வளைவின் எண்ணையும் அவர் சொன்னார். அதை நான் எழுதவில்லை; தெரிய வேண்டியவருக்கு அது தெரியும்.

வால்பாறைக்குப் போகும் நேயர்கள் அவசியம் போய் வாருங்கள். ஏறி வருகிற வண்டிக்கு, இறங்கும்போது வழி விடுங்கள். சொந்தமாக ரிப்பேர் செய்ய ஆசையிருந்தால் செய்யுங்கள். மாமனார் சொல்வதையும் ஒருமுறை கேளுங்கள். மூடியைத் திறக்கு முன் அரை மணி பொறுங்கள். பொட்டலத்தைப் பிரிக்கு முன் முகர்ந்து பாருங்கள். எல்லாம் முடிந்து கிளம்புகையில் சாமான்களை எண்ணுவீர்கள் அல்லவா? அந்தக் கணக்கில் கல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.