கொய்யாவுக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

வயதானவர்கள் நாலு பேர் சேர்ந்தால் முதலில் சர்க்கரை அளவு, அடுத்து பென்ஷன், அதற்கடுத்து "அந்தக் காலத்துப் பழம்" என்று பேச்சு ஒரு சுற்று வந்துவிடும். "இப்போ எதிலே ருசி இருக்கு? எல்லாம் மருந்து. நல்ல பழம் கிடைச்சா எவ்வளவு கொடுத்தாவது வாங்கலாம்" என்பார் ஒருவர். மற்றவர்கள் தலையாட்டுவார்கள். இந்த "எவ்வளவு கொடுத்தாவது" என்பது எவ்வளவு என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். முப்பத்தாறு வருஷம் சர்க்கார் ஆபீசில் கணக்கு எழுதியவன் நான். தொகை எழுதாத வவுச்சரை பாஸ் செய்து பழக்கமில்லை.

1960-களில் எங்கள் பள்ளிக்கூடத்தில் எல்லாம் பிரெஞ்சு. பொம், ப்வார், செரீஸ் என்று வாசகப் புத்தகத்தில் படம் பார்த்து மனப்பாடம் செய்வோம். பொம் என்கிற ஆப்பிளை, யாருக்காவது உடம்பு சரியில்லை என்று பார்க்கப் போகும்போதுதான் கண்ணால் காண்போம். ப்வார், செரீஸ் எல்லாம் படத்தோடு சரி. வாயில் போட்டது கொய்யா, சீதா, நாவல், இலந்தை. வெயில் காலத்தில் செம்மண் மேட்டிலிருந்து வரும் முந்திரிப்பழம், பண்ருட்டிப் பலா. பெரிய மார்க்கெட்டில் கூறு கட்டி வைத்திருப்பார்கள். அம்மா கூறைக் கலைத்து, நசுங்கியதைத் தள்ளிவிட்டு, பிறகுதான் விலையே கேட்பாள். "மருந்து அடிச்சதா?" என்று அவள் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

இன்றைக்கு எல்லாம் தலைகீழ். அந்த ப்வாரை, அதாவது பேரிக்காயை, என் பேரன் டிவி பார்த்துக்கொண்டே கடிக்கிறான். நியூசிலாந்து கிவியையும் வாஷிங்டன் ஆப்பிளையும் விலை கேட்காமல் கூடையில் போடுகிற அதே கை, உள்ளூர்க் கொய்யா கிலோ எண்பது என்றால் நின்றுவிடுகிறது. "என்னம்மா, கொய்யாவுக்கா எண்பது?" என்கிறோம்.

இதில் இரண்டு விஷயங்களை நாம் ஒன்றாக்கிக் கொள்கிறோம். இயற்கை விவசாயம் வேறு, உள்ளூர் விளைச்சல் வேறு. பக்கத்து ஊர்ப் பழம் என்பதாலேயே அது மருந்து அடிக்காத பழம் ஆகிவிடாது. இயற்கைப் பழம் ஆயிரம் மைல் தாண்டியும் வரலாம். வெளிநாட்டுப் பழத்தில் ஸ்டிக்கர் இருந்தால் உசத்தி என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த ஸ்டிக்கரில் இருக்கும் நான்கு இலக்க எண், கடையில் பில் போடுவதற்கான எண். சாதாரண முறையில் விளைந்த மஞ்சள் வாழைப்பழத்துக்கு 4011. இயற்கை முறையில் விளைந்திருந்தால் முன்னால் 9 சேர்த்து 94011. வீட்டில் ஆப்பிள் இருந்தால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாருங்கள். 9-இல் ஆரம்பிக்கும் ஐந்து இலக்க எண் உங்கள் கூடையில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

நம் நாட்டிலும் இதற்கு விதி இருக்கிறது. 2017-இல் வந்த இயற்கை உணவு விதிகளின்படி, சான்றிதழ் பெற்ற பொருளில் அதற்கான முத்திரை இருக்கும். ஆனால் சான்றிதழ் சும்மா வராது. மரப்பயிர் என்றால், ரசாயனத்தை நிறுத்தியபின் மூன்று வருஷம் மாற்றக் காலம். அந்த மூன்று வருஷமும் விளைச்சல் குறையலாம், "இயற்கை" என்று சொல்லி விற்கவும் முடியாது. ஆய்வுக்குக் கட்டணம், எழுதி வைக்கப் பதிவேடு. ஒரு ஊர் விவசாயிகள் சிறு குழுவாகச் சேர்ந்து ஒருவர் தோட்டத்தை ஒருவர் பார்த்துச் சான்று சொல்லும் ஏற்பாடும் உண்டு. அதில் செலவு குறைவு, ஆனால் குழு வேண்டும். அரை காணி வைத்திருப்பவர்களில் பலர் இந்த இரண்டுக்கும் போவதில்லை.

எங்கள் தெருவுக்குக் கொய்யா கொண்டுவரும் அம்மாளும் அப்படித்தான். பாகூர்ப் பக்கம் ஊர். நாற்பது மரம். எந்த முத்திரையும் கிடையாது. "உன் பழத்துக்கு மட்டும் என்னம்மா இருபது ரூபா கூட?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"ஐயா, மருந்து அடிச்சா ஒரு ஆள், ஒரு நாள், வேல முடிஞ்சுது. அடிக்கலன்னா வேப்பங்கொட்ட இடிச்சு ஊற வச்சுத் தெளிக்கணும். மழ பேஞ்சா கழுவிக்கிட்டுப் போயிடும், மறுபடி தெளிக்கணும். ஈ குத்தாம பிஞ்சிலயே ஒண்ணு ஒண்ணா பை கட்டணும். அதுக்கு மேல கிளி இருக்கு, அணில் இருக்கு. இருபது ரூபா எனக்கு இல்லீங்க, பை கட்டுறவளுக்கு."

இதைவிடத் தெளிவான செலவுப் பட்டியலை நான் ஆபீசில்கூடப் பார்த்ததில்லை.

பிரான்சில் குடியேறிய என் பள்ளித் தோழன் ஒருவன் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வருவான். அங்கே இயற்கை விளைச்சலை 'பியோ' என்பார்கள். அரசாங்கத்தின் 'ஆ.பே.' முத்திரை 1985-இலிருந்தே இருக்கிறது. அவன் சொன்னதில் என் காதில் விழுந்து நின்றது வேறு ஒன்று. 'அமாப்' என்று ஒரு ஏற்பாடு. 2001-இல் தெற்கே ப்ரொவான்ஸ் பகுதியில் ஆரம்பித்தது. கொஞ்சம் குடும்பங்கள் சேர்ந்து ஒரு விவசாயியிடம் சீசனுக்கு முன்பே பணம் கொடுத்துவிடுவார்கள். வாரம் ஒரு கூடை வரும். நன்றாக விளைந்தால் கூடை நிறையும். பனியில் கருகினால் கூடை குறையும். நஷ்டத்திலும் பங்கு உண்டு என்று தெரிந்துதான் கையெழுத்துப் போடுவார்கள்.

கையெழுத்து இல்லாமல் நாமும் செய்து பார்க்கலாமே என்று 2024 செப்டம்பரில் தெருவில் பேசினேன். பன்னிரண்டு வாரம், வாரம் ஒரு கிலோ, கிலோ எண்பது. வீட்டுக்கு 960 ரூபாய் முன்பணம். "எவ்வளவு கொடுத்தாவது" என்றவர்கள் இருபது பேருக்குக் குறையாது. பணம் கொடுத்தது ஏழு வீடு. ஆக 6,720 ரூபாய். அந்த அம்மாள் அதை வாங்கும்போது இரண்டு தடவை எண்ணினாள். பழம் தருவதற்கு முன்னால் பணம் வாங்கியது அவளுக்கு அதுதான் முதல் தடவையாம்.

அக்டோபர் 5-இலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் பழம் வந்தது. சில வாரம் சின்னதாக, சில வாரம் தோலில் கரும்புள்ளியோடு. ஒரு வீட்டில் முகம் சுளித்தார்கள். ஆனாலும் வாங்கிக்கொண்டார்கள். எட்டு வாரம் ஓடியது.

ஒன்பதாவது சனிக்கிழமை நவம்பர் 30. ஃபெஞ்சல் புயல் வந்த நாள். ஒரே நாளில் புதுச்சேரியில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை கொட்டியதை நீங்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். நகரத்தில் தண்ணீர் வடிவதற்குள், சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணை பாகூர்ப் பக்கத்து ஊர்களுக்குள் புகுந்தது. அந்த அம்மாளின் நாற்பது மரத்தில் பதினேழு சாய்ந்துவிட்டன. மற்றவற்றில் கட்டியிருந்த பை எல்லாம் சேறு. 2011 தானே புயலில் பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் விழுந்து கிடந்ததைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். விழுந்த மரத்துக்கு நிவாரணத் தொகை வரலாம், மரம் வராது.

கிறிஸ்துமஸ் கழிந்து ஒரு நாள் அவள் வந்தாள். கூடை இல்லை. கையில் ஒரு மஞ்சள் பை. நாலு வாரப் பழம் பாக்கி, வீட்டுக்கு 320 ரூபாய், எல்லாம் தனித்தனியாக மடித்துக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். யாரும் கேட்கவில்லை. அவளாகத்தான் வந்தாள்.

இரண்டு வீட்டில் வாங்கிக்கொண்டார்கள். அது அவர்கள் பணம், வாங்கிக்கொண்டதில் தப்பில்லை. மூன்று வீட்டில் வேண்டாம் என்றார்கள், எங்கள் வீடும் அதில் ஒன்று. ஒருவர் பாதி வாங்கினார். கடைசி வீட்டில் குடும்ப பென்ஷனில் தனியாக இருக்கும் ஒரு அம்மாள். ஏழு வீட்டிலும் வருமானம் குறைந்தது அவருக்குத்தான். "அடுத்த வருஷக் கணக்குல வச்சுக்க. இப்ப எங்கிட்ட குடுத்தா செலவாயிடும்" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

நம்மில் யார் எவ்வளவு கூடக் கொடுப்போம் என்பது பழம் பளபளவென்று வரும் வாரத்தில் தெரிவதில்லை. பழம் வராத வாரத்தில்தான் தெரிகிறது. உள்ளூர்ப் பழம் வேண்டும் என்றால் உள்ளூரில் மரம் நிற்க வேண்டும். அந்தத் தோட்டத்துக்கு இரண்டு பக்கமும் இப்போது பிளாட் கல் நட்டிருக்கிறார்கள். "வித்துடலாம்மா" என்று மகன் நச்சரிக்கிறானாம். அவனைக் குறை சொல்லி என்ன பயன்? பிளாட் வாங்குகிறவன் கரும்புள்ளி பார்த்து விலை குறைப்பதில்லையே.

இருபது ரூபாயில் ஒரு தோட்டத்தைக் காப்பாற்றிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. வாரம் ஒரு கிலோ என்றால் மாதம் எண்பது ரூபாய்தான் கூட ஆகிறது. கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைத்த மாம்பழத்துக்கு, அது தடை செய்யப்பட்டது என்று தெரிந்தும், மே மாதத்தில் நாம் விடுகிற காசு இதைவிட அதிகம். நம்மில் மாதம் எண்பது ரூபாய் முடியாதவர்கள் உண்டு. அவர்களுக்கு இது பொருந்தாது. முடிந்தவர்கள் பேரம் பேசுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் யோசிக்கலாம், அவ்வளவுதான்.

சாய்ந்த இடத்தில் பதியன் நட்டிருக்கிறாள். காய்க்க இரண்டு, மூன்று வருஷமாவது ஆகும். இந்த சீசனுக்கு விலை தொண்ணூறு என்றாள். முன்பணம் கொடுத்தது எட்டு வீடு. போன தடவை பணம் திரும்ப வாங்கியவர்களில் ஒருவரும் அதில் உண்டு. எனக்கு டாக்டர் கொய்யா சாப்பிடலாம் என்றிருக்கிறார், ஆனால் பழமாக வேண்டாம், செங்காயாக. அதையும் அந்த அம்மாளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.