அப்பா கொழும்பில், நாங்கள் இணுவிலில்

2022 மார்ச் 31, வியாழன்

இன்றைக்கு 13 மணி நேர மின்வெட்டு. நீர்த்தேக்கங்களில் தண்ணீர் இல்லை, அனல்மின் நிலையத்துக்கு எண்ணெய் இல்லை, எண்ணெய்க் கப்பலுக்குக் கொடுக்க நாட்டிடம் டொலர் இல்லை. மின்சார சபை ஊர்களை ஏ, பி, சி என்று எழுத்துப் போட்டுப் பிரித்து, எந்த எழுத்துக்கு எத்தனை மணிக்குக் கரண்ட் போகும் என்று ஒவ்வொரு நாளும் அட்டவணை விடுகிறது.

சின்னவன் ஒரு மட்டையில் இரண்டு நிரல் கீறி வைத்திருக்கிறான். ஒன்று எங்களுக்கு, மற்றது கொழும்பில் அவன் அப்பா இருக்கிற வெள்ளவத்தைக்கு. இரண்டு இடத்திலும் கரண்ட் இருக்கிற நேரத்துக்குப் பச்சை. அதுதான் அப்பாவோடு கதைக்கிற நேரம். நெடுநேரம் கரண்ட் நின்றால் போன் கோபுரத்தின் பற்றரியும் இறங்கிவிடுகிறது, எடுத்தால் மணிகூட அடிக்காது. இன்று பச்சை வந்தபோது பத்து வயதுக்காரன் நித்திரையாகிவிட்டான். எழுப்பவா என்று கேட்டேன். வேண்டாம், படுக்கட்டும் என்றார் இவர்.

மிரிஹானவில் ஜனாதிபதி வீட்டடியில் சனம் கூடிவிட்டதாம். அது இவருடைய அறையிலிருந்து தூரம்தான். இருந்தாலும் கதவைப் பூட்டிப் படுங்கோ என்று சொல்லித்தான் போனை வைத்தேன்.

ஏப்ரல் 3, ஞாயிறு

ஊரடங்கு. விடிய எழும்பினால் வோட்ஸ்அப்பும் இல்லை, பேஸ்புக்கும் இல்லை, அரசாங்கம் நிறுத்திவிட்டது. காசு போட்டுச் சாதாரணமாக எடுத்தோம். முகம் தெரியாமல் கதைக்கச் சின்னவனுக்குப் பிடிக்கவில்லை, போனைக் காதில் வைத்தபடி ஒன்றும் பேசாமல் நின்றான்.

ஏப்ரல் 16, சனி

புதுவருசத்துக்கு வந்தவர் இன்றிரவு மெயில் ரயிலில் திரும்புகிறார். வழக்கமாக இரண்டு கிழமைக்கு ஒருக்கால் வெள்ளி இரவு ரயிலேறுவார். மார்ச் முழுக்க வரவில்லை. டீசல் இல்லாமல் பஸ்கள் குறைந்ததும் சனம் எல்லாம் ரயிலுக்குத் திரும்பிவிட்டது. சீற் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் கம்பனி சம்பளத்தைக் குறைத்துவிட்ட பிறகு வந்துபோகிற செலவை யோசிக்கவேண்டியிருக்கிறது. நானும் பள்ளிக்கூடச் சம்பளத்தை வைத்துக்கொண்டு கணக்குப் பார்க்கிறேன். போன மாதமே 400 கிராம் பால்மா 790 ரூபாய்க்கு ஏறிவிட்டது. அந்த விலைக்கும் கடையில் இல்லை.

வருசத்துக்கு முன்னைய செவ்வாய்க்கிழமை, 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று அரசாங்கம் அறிவித்தது. இவர் கணக்குத் தெரிந்தவர். மூத்தவளை இருத்தி, ஒரு நாடு கடன் கட்டாமல் விட்டால் என்ன நடக்குமென்று கொப்பியில் எழுதிக் காட்டினார். அவள் கேட்ட கேள்வி ஒன்றுதான். "அப்ப நீங்கள் வாறது இன்னும் குறையுமோ அப்பா?"

ஏப்ரல் 28, வியாழன்

காஸ் சிலிண்டர் முடிந்து எவ்வளவோ நாள். குசினிக்குப் பின்னால் இவருடைய அம்மா, என் மாமி, மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டியிருக்கிறா. கங்குமட்டை, பொச்சு, ஊமல் எல்லாம் வளவிலேயே கிடக்கிறது. காலையில் புட்டு, இரவிலும் அநேகமாகப் புட்டு.

மண்ணெண்ணெய் சொட்டுத்தான் இருக்கிறது என்று மாமி ஜாம் போத்தல் விளக்குச் செய்தா. போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு. அதில் எண்ணெயைத் துளித்துளியாக விட்டு நனைக்கவேண்டும், தேங்கக்கூடாது. பழைய சைக்கிள் ரியூப்பின் வால்வுக்குள் திரியை நுழைத்து, கம்பியில் கட்டிப் போத்தல் வாயில் கொளுவிவிட்டா. திரியின் கீழ்நுனி பஞ்சைத் தொட்டுக்கொண்டு நிற்கும், சுடர் போத்தலுக்குள்ளேயே நிற்கும், காற்றுக்கும் அணையாது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் இரவு முழுக்க எரிந்தது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையின்போது இந்த வெளிச்சத்தில்தான் நான் படித்தேன். மூத்தவள் இப்போது அதே வெளிச்சத்தில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள்.

"இதெல்லாம் ஒரு கஷ்டமோ? நாங்கள் பார்க்காததோ?" என்கிறா மாமி. ஊரில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடில்லை. மாமிக்குத் தைரியம் வரத்தான் அவ அதைச் சொல்கிறா, எனக்கு விளங்குகிறது. ஆனால் முன்பொருமுறை தாங்கினவர்கள் என்பதற்காக எங்கள் பிள்ளைகளும் தாங்கிப் பழகவேண்டுமென்று யார் விதித்தது? குண்டு விழவில்லை என்பதால் ஒரு பிள்ளை தகப்பனைத் தேடுவது சின்ன விசயமாகிவிடாது.

மே 10, செவ்வாய்

நேற்றுப் பின்னேரத்தில் இருந்து வீட்டில் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. காலிமுகத்திடலில் போராடிக்கொண்டிருந்த பிள்ளைகளை ஆள்வைத்து அடித்தார்கள். பிரதமர் மகிந்த ராஜபக்ச பதவி விலகினார். இரவோடு இரவாக அமைச்சர்கள், எம்பிக்களின் வீடுகள் எரிந்தன. நாடு முழுக்க ஊரடங்கு.

காலிமுகத்திடலும் வெள்ளவத்தையும் ஒரே காலி வீதியில்தான் இருக்கின்றன. மாமி வானொலியை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தா. 1983 ஜூலையில் இவருக்கு ஏழு வயது. தாயும் மகனும் இரத்மலானை அகதி முகாமில் கிடந்து, கப்பலில் காங்கேசன்துறை வந்து இறங்கினவர்கள். இந்த முறை கோபம் தமிழர்மேல் இல்லை, ஆள்பவர்கள்மேல்தான் என்று நான் எத்தனைதரம் சொல்லியும் மாமி கேட்டது ஒன்றையே. "அறைக்காரன் சிங்களமோ தமிழோ?"

இவர் எடுத்தபோது மாமிதான் முதலில் வாங்கினா. "தம்பி, கப்பல் விட்டால் ஏறி வந்திடு." மறுபக்கத்தில் இவர் சிரிக்கவில்லை. "ஓமம்மா, வாறன்" என்றார். பக்கத்து அறைச் சிங்களப் பெடியன்தான் இரவு சோறு கொண்டுவந்து கொடுத்தானாம். அதைச் சொன்ன பிறகுதான் மாமி தேத்தண்ணி குடித்தா.

மே 23, திங்கள்

பரீட்சை தொடங்கிவிட்டது. மோட்டார் சைக்கிளில் எண்ணெய் இல்லை. மூத்தவள் சைக்கிளில் போனாள், நான் பின்னால் என்னுடைய சைக்கிளில். விடிய ஐந்துக்கு அப்பா எடுத்து எழுப்பினார். கணிதப் பாடத்துக்கு முந்தின இரவு எடுக்கிறேன், சந்தேகம் எல்லாம் எழுதி வை என்றிருக்கிறார்.

ஜூன் 17, வெள்ளி

பெற்றோல் 420 ரூபாய். அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு, வீட்டில் தோட்டம் செய்யவேண்டுமாம். எங்கள் ஊரில் தோட்டம் யாரும் சொல்லித்தான் செய்யவேண்டுமென்றில்லை. மாமி கிணற்றடியில் கீரையும் கத்தரியும் போட்டு முன்னமே காய் பிடுங்கத் தொடங்கிவிட்டா. தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வந்த அரிசி பின்வீட்டு அக்காவுக்குக் கிடைத்தது. ஒரு சுண்டு கொண்டுவந்து மாமியிடம் கொடுத்தா, "அங்க இருக்கிற எங்கட சனம் அனுப்பினது" என்று.

சாப்பிட்டீங்களோ என்று கேட்டால் இவர் எப்போதும் ஓம் என்றுதான் சொல்வார். ஆகவே என்ன கறி என்று கேட்கப் பழகிவிட்டேன். பதில் உடனே வந்தால் சாப்பிட்டிருக்கிறார். இன்று கொஞ்சம் பொறுத்து, "பருப்பு" என்றார். அவருடைய அறைப் பக்கத்துக் கடை காஸ் இல்லாமல் பூட்டிக் கிடக்கிறது என்று அவரே போன கிழமை சொன்னவர். வெறுந்தேத்தண்ணியும் பணிசும்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை. மாமி பக்கத்தில் இருந்தா.

ஜூலை 4, திங்கள்

ஜூன் 27இலிருந்து அத்தியாவசிய சேவைகளைத் தவிர யாருக்கும் எரிபொருள் இல்லை. பள்ளிக்கூடமும் இல்லை.

சனி இரவு சின்னவனுக்குக் காய்ச்சல் ஏறிவிட்டது. உடம்பு நெருப்பு, வாந்தி. டெங்குவாக இருக்குமோ என்ற பயம். தெரிந்த ஓட்டோ எல்லாம் முற்றத்தில் படங்கு போட்டு மூடி நிற்கின்றன. பக்கத்து வீட்டு அண்ணன் சத்தம் கேட்டு வந்தார். உள்ளே போய் ஒரு சோடாப் போத்தலைக் கொண்டுவந்தார், அரைவாசிக்குப் பெற்றோல். மகளின் பிரசவத்துக்கென்று ஒளித்து வைத்தது. அதைத் தன்னுடைய ஓட்டோவில் ஊற்றி, போத்தலைக் கவிழ்த்துப் பிடித்துக் கடைசிச் சொட்டு இறங்கும்வரை நின்று, பிறகுதான் மூடியைப் பூட்டினார். ஆசுபத்திரிக்குக் கொண்டுபோய், திரும்பக் கூட்டிவரும்வரை வாசலில் காத்திருந்தார். காசு வாங்கவில்லை. "உன்ர மனுசன் இருந்தால் செய்யமாட்டானோ பிள்ளை?" என்றார்.

டெங்கு இல்லை. இவருக்கு ஞாயிறு மத்தியானம்தான் சொன்னேன். சொன்னால் ரயில் கூரையிலாவது ஏறி வந்துவிடுவார் என்று தெரியும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அண்ணனிட்டைப் போனைக் குடும்" என்றார். இரண்டு ஆம்பிளைகளும் நெடுநேரம் கதைத்தார்கள். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனைத் தந்தார்.

ஜூலை 9, சனி

கண்டியிலிருந்தும் காலியிலிருந்தும் சனம் ரயிலேறிக் கொழும்புக்கு வந்து, ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்துவிட்டது. ஜனாதிபதி கோட்டாபய எங்கே என்று யாருக்கும் தெரியாது. தொலைக்காட்சியில் சனம் நீச்சல் குளத்தில் குளிக்கிறது. மாமிக்கு இந்த முறை பயமில்லை. ஆனால் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடி வருசக் கணக்காகத் தெருவில் இருக்கிற தாய்மாரைப் பற்றிக் கதைத்தா. அவர்களுக்கு ஒரு கதவும் இப்படித் திறக்கவில்லையே என்றா. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஜூலை 30, சனி

திங்கட்கிழமை முதல் நாடு முழுக்க எரிபொருளுக்குக் கியூஆர் முறை. மோட்டார் சைக்கிள் இவருடைய பெயரில். பதிவு செய்தால் இரகசிய எண் அவருடைய போனுக்குத்தான் போகும். நான் டோர்ச் பிடித்து வாகனப் புத்தகத்திலிருந்து செசி இலக்கத்தை எழுத்தெழுத்தாக வாசிக்க, அவர் வெள்ளவத்தையில் இருந்து அடித்தார். படம் வந்தது, அச்செடுத்து லமினேற் செய்துவிட்டேன். கிழமைக்கு நாலு லீற்றர். பள்ளிக்கூடமும் திங்கள், செவ்வாய், வியாழன் என்று தொடங்கிவிட்டது. நாலு லீற்றர் காணும்.

ஓகஸ்ட் 23, செவ்வாய்

நேற்று மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து 340க்கு ஏறிவிட்டது. தோட்டக்காரரின் தண்ணீர்ப் பம்பும் கடலுக்குப் போகிறவர்களின் வள்ளமும் அதில்தான் ஓடுகின்றன. வெங்காயம் வைக்கிறதா விடுகிறதா என்று பக்கத்து வீட்டு அண்ணன் வரம்பில் குந்திக்கொண்டிருக்கிறார்.

இந்தக் கிழமை நல்லூர்த் தேர். இவர் வந்துவிட்டார். இரவு பிள்ளைகள் படுத்த பிறகு, டோகாவில் ஒரு வேலை வந்திருக்கிறது என்றார். கொழும்புக் கம்பனி மூடுகிற நிலையில் இருக்கிறதாம். பத்தரமுல்லையில் கடவுச்சீட்டுக்கு இரவிரவாக வரிசையில் நின்று எடுத்தும்விட்டார். எனக்கு முதல் வந்தது கோபம். அவர்மேல் இல்லை. அந்த இரவை எங்களோடு கழித்திருக்கலாமே என்பதுதான். காஸ் வரிசை, ரயில் டிக்கெற் வரிசை, இப்போது கடவுச்சீட்டு வரிசை. விலையேற்றத்தை எல்லாரும் எழுதுகிறார்கள். ஒரு தகப்பன் பிள்ளைகளோடு இருந்திருக்கவேண்டிய நேரத்தை இந்த வரிசைகள் வாங்கிக்கொண்டதை எந்தப் பத்திரிகையும் எழுதக் காணோம். விலை ஒருநாள் இறங்கலாம். சின்னவனுக்குப் பத்து வயது இனி வராது.

விடியும்வரை கதைத்தோம். போகவேண்டாமென்று நான் சொல்லவில்லை. சொல்ல முடியாது. வீட்டுக் கடனும் இருக்கிறது, மூத்தவளின் படிப்பும் இருக்கிறது. இரண்டு வருசம், அதற்கு மேல் ஒரு மாதமும் இல்லை என்று கேட்டேன். சம்மதித்தார். சாப்பிடாவிட்டால் சாப்பிடவில்லை என்று சொல்லவேண்டும் என்றும் கேட்டேன். அதற்கும் ஓம் என்றார்.

ஒக்டோபர் 6, வியாழன்

செப்டெம்பர்ப் பணவீக்கம் 69.8 சதவீதமாம். சாப்பாட்டுச் சாமானுக்கு 94.9. வகுப்பில் பிள்ளைகள் கேட்டார்கள், கரும்பலகையில் போட்டு விளங்கப்படுத்தினேன்.

இவர் ஞாயிறு விடிய வருகிறார், செவ்வாய் இரவு கட்டுநாயக்கவுக்குப் போகவேண்டும். கியூஆரை என்னுடைய போன் இலக்கத்துக்கு மாற்றவேண்டும். பாங்கில் கூட்டுக் கணக்குப் படிவத்தில் அவருடைய கையெழுத்து வேண்டும். மூத்தவள் உயர்தரத்தில் கணிதமா வர்த்தகமா என்று அவரிடம்தான் கதைப்பாளாம், என்னிடம் மூச்சு விடவில்லை. மாமி முருங்கைக்காயும் ஒடியல் மாவும் எடுத்து வைத்திருக்கிறா.

வழியனுப்ப வருகிறோம் என்று சித்தப்பா வீட்டாரும் மாமா வீட்டாரும் போன் எடுத்தார்கள். எல்லாரையும் திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை யாரும் வரவேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொன்னேன். சித்தி மனம் நொந்துபோனா, தெரியும். பிறகு சமாதானப்படுத்திக்கொள்ளலாம்.