தண்ணீரைக் கழித்த பிறகு

அமெரிக்காவில் ஓர் ஊர்ப்பகுதியான டவுன்ஷிப்பைப் பற்றிய குறிப்பு பெரும்பாலும் இரண்டு எண்களில் முடிந்துவிடும். பரப்பு இவ்வளவு, மக்கள்தொகை இவ்வளவு. கோதுமை விளையும் சமவெளி டவுன்ஷிப் என்றால் இது போதும். ஏரிகள் மண்டிய நாட்டில் போதாது. அங்கே கரை எது என்று தீர்மானிக்காமல் பரப்பைச் சொல்ல முடியாது. எந்த நாளில், யாரை ஊர்க்காரராக எண்ணினார்கள் என்று தெரியாமல் மக்கள்தொகையையும் சொல்ல முடியாது. ஊர்க்குறிப்பு எழுதுவதைத் தொழிலாகச் செய்பவர்கள் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துக்கு வந்ததும் நிதானித்து நிற்பது இதனால்தான். பத்து ஏக்கருக்கு மேற்பட்ட ஏரிகள் மட்டும் அந்த மாநிலத்தில் 11,842 இருக்கின்றன.

2002ஆம் ஆண்டின் இறுதியில் ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரு கணினி நிரல், 2000 சென்சஸ் அட்டவணைகளை வைத்துக்கொண்டு சுமார் 30,000 அமெரிக்க ஊர்களுக்குத் தனித்தனிக் கட்டுரை எழுதிவைத்தது. மொத்தப் பரப்பு, அதில் நிலம் எவ்வளவு, நீர் எவ்வளவு, எத்தனை பேர், எத்தனை குடும்பங்கள், எத்தனை வீடுகள் என்று எல்லா ஊருக்கும் ஒரே வார்ப்பு. அது பெரிய சேவை. அதுவரை யாரும் ஒரு வரி எழுதியிராத சிற்றூர்களுக்கும் ஒரு பக்கம் கிடைத்தது. அந்த எண்களுக்குள் என்ன இருக்கிறது என்று திறந்து காட்டுவது மட்டும் நிரலால் ஆகவில்லை. எழுதுபவரின் வேலை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

முதலில் வரைபடம். 1785ஆம் ஆண்டின் நிலச் சட்டம் தொடங்கிவைத்த முறையில் அளக்கப்பட்ட டவுன்ஷிப் என்பது பக்கத்துக்கு ஆறு மைல் கொண்ட சதுரம். அதற்குள் ஒரு மைல் சதுரமாக 36 செக்ஷன்கள். ஒவ்வொன்றும் 640 ஏக்கர். எண்கள் வடகிழக்கு மூலையில் தொடங்கி மேற்கே போகும். ஏர் மாடு சால் முடிந்து திரும்புவதுபோல் அடுத்த வரிசையில் கிழக்கே வரும். இப்படியே மாறி மாறி வந்து தென்கிழக்கு மூலையில் 36இல் நிற்கும். இந்த ஓட்டம் மனப்பாடமாகிவிட்டால், 'செக்ஷன் 16' என்று பழைய பத்திரத்தில் பார்த்ததும் அது சதுரத்தில் எங்கே இருக்கிறது என்று வரைபடம் இல்லாமலே சொல்லலாம். மினசோட்டாவில் 16ஆம் 36ஆம் செக்ஷன்கள் பள்ளிக்கூடங்களுக்கென்று ஒதுக்கப்பட்டவை என்பதும் சேர்ந்தே நினைவுக்கு வரும்.

சதுரங்களுக்கு முகவரியும் உண்டு. மேற்கு மினசோட்டாவில் உள்ள ஆட்டர் டெய்ல் கவுண்டியில் (கவுண்டி என்பது மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) 'டவுன்ஷிப் 134 வடக்கு, ரேஞ்ச் 40 மேற்கு' என்று ஒரு சதுரம் இருக்கிறது. ரேஞ்ச் என்பது கிழக்கு மேற்கான வரிசை எண். வடக்குக்கான 134 எங்கிருந்து எண்ணியது? தெற்கே ஆர்கன்சாவில், 1815இல் சர்வேயர்கள் குறித்த ஒரு புள்ளியிலிருந்து. சதுப்பு நிலத்தில் கிடக்கும் அந்தப் புள்ளியிலிருந்து வடக்கே ஏறக்குறைய 800 மைல் கடந்தால் இந்தச் சதுரத்தின் தெற்கு எல்லை வரும். ஒஜிப்வே, டக்கோட்டா மக்களிடமிருந்து உடன்படிக்கைகள் வழியே நிலம் கைமாறிய பிறகு வந்த சர்வே இது. எண்ணிட்ட சதுரங்களுக்கு முன்பே அங்கே ஊர்களும், படகு தூக்கிக் கடக்கும் பாதைகளும், ஏரி நெல் அறுவடையும் இருந்தன. குறிப்பு எழுதுபவர் இதை ஒரு வரியிலாவது சொல்லாமல் நகர்வது நியாயமில்லை.

சதுரம் என்று சொன்னாலும் எதுவும் சரியான சதுரமாக அமையாது. பூமி உருண்டை, வடக்கே போகப்போகத் தீர்க்கரேகைகள் ஒன்றையொன்று நெருங்கும். அந்தக் குறையை எங்காவது கொட்டியாக வேண்டும். டவுன்ஷிப்பின் வடக்கு ஓரத்திலும் மேற்கு ஓரத்திலும் உள்ள செக்ஷன்களில் கொட்டுவது என்று விதி வைத்தார்கள். அதனால் அந்த ஓரத்து நிலங்கள் 640 ஏக்கருக்குக் கூடவோ குறையவோ இருக்கும்.

அளந்தது கன்டரின் சங்கிலியால். 66 அடி நீளம், 100 கண்ணி. எண்பது சங்கிலி ஒரு மைல். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். தமிழ்நாட்டில் இன்றும் மனை விற்பவர் சொல்லும் சென்ட் இதே சங்கிலியிலிருந்து வந்ததுதான். ஒரு சதுரச் சங்கிலி 4,356 சதுர அடி. அதில் பத்தில் ஒரு பங்கு ஒரு சென்ட். மினசோட்டாவின் நாற்பது ஏக்கர்த் துண்டும் மதுராந்தகத்துக் கழனியும் ஒரே கருவியால் அளக்கப்பட்டவை.

இனி ஏரி. சங்கிலியைப் பிடித்துக்கொண்டு செக்ஷன் கோட்டில் நேராக நடந்துவரும் சர்வேயர் தண்ணீரைக் கண்டதும் நிற்பார். கோடு கரையைத் தொடும் இடத்தில் ஒரு மூலைக்கல்லோ கட்டையோ நடுவார். ஏரி 25 ஏக்கருக்குக் குறையாததாக இருந்தால், கரையை ஒட்டிச் சிறு சிறு நேர்கோடுகளாகச் சுற்றி அளந்துவிட வேண்டும் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டு விதி. இப்படிச் சுற்றிய கோட்டுக்கு மியாண்டர் கோடு என்று பெயர். செக்ஷனை நாற்பது ஏக்கர்த் துண்டுகளாகப் பிரிக்கும்போது ஏரிக்கரையில் முழுசாக வராமல் மிஞ்சும் கோணல் துண்டுகளுக்கு 'கவர்ன்மென்ட் லாட் 1, 2, 3' என்று தனி எண் கொடுத்தார்கள். வாங்குபவர் காசு கொடுத்தது இந்தக் கோட்டுக்குள் அடங்கிய நிலத்துக்கு.

அப்படியானால் அந்தக் கோடுதான் எல்லையா? இல்லை. செயின்ட் பால் நகரில் மிசிசிப்பிக் கரை நிலம் ஒன்றைப் பற்றி எழுந்த ஷர்மேயர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. மியாண்டர் கோடு விலை போடுவதற்கான அளவு. எல்லை என்பது தண்ணீரே. மினசோட்டா ஏரிக்கரையில் வீடு வைத்திருப்பவரின் நிலம் தண்ணீரோடு சேர்ந்து நகர்கிறது என்பதற்கு இது அடிப்படை. இதற்கு மேல், மாநில இயற்கைவளத் துறை 'வழக்கமான உயர் நீர்மட்டம்' என்று இன்னொரு கோட்டை வைத்திருக்கிறது. கரையோரக் கட்டுப்பாடுகள் அந்தக் கோட்டிலிருந்து ஏரிக்கு 1,000 அடி, ஆற்றுக்கு 300 அடி வரை செல்லும். வீடு எவ்வளவு தள்ளிக் கட்டலாம், மனை எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்பதெல்லாம் அதற்குள் அடக்கம்.

சென்சஸும் தன் வரைபடத்தில் ஒரு கரை வரைகிறது. ஆக, ஒரே ஏரிக்கு மூன்று கரைகள்: பழைய சர்வேயரின் கரை, சட்டத்தின் கரை, சென்சஸ் வரைபடத்தின் கரை. ஊர்க்குறிப்பில் வரும் 'நீர்ப்பரப்பு' மூன்றாவதிலிருந்து வருகிறது. ஆட்டர் டெய்ல் கவுண்டியில் இதைக் கண்ணால் பார்க்கலாம். தன்னிடம் 1,048 ஏரிகள் இருப்பதாக அந்தக் கவுண்டி சொல்லிக்கொள்கிறது. 2000 சென்சஸ் கணக்கில் அதன் மொத்தப் பரப்பு 2,225 சதுர மைல். நிலம் 1,980, நீர் 245. பிற்பட்ட கணக்கில் மொத்தம் அதே 2,225. ஆனால் நிலம் 1,972 ஆகவும் நீர் 253 ஆகவும் இருக்கிறது. எட்டுச் சதுர மைல் ஒரு பத்தியிலிருந்து மறுபத்திக்குப் போய்விட்டது. ஏரி மட்டம் ஏறினாலும் இப்படி ஆகும். கரைக்கோட்டை இன்னும் நுணுக்கமாக வரைந்தாலும் இப்படி ஆகும். இரண்டு காலத்துக் கணக்குகளை அடுத்தடுத்து வைத்து 'ஏரிகள் பெருகின' என்று எழுதிவிடுவது அவசரம்.

இந்த ஏரிகள் எப்படி வந்தன? கடைசிப் பனியுகத்தின் பனிப்பாளம் பின்வாங்கியபோது இழுத்துவந்த மண்ணையும் கல்லையும் மேடுமேடாகக் கொட்டிவிட்டுப் போனது. இடையிடையே பிரம்மாண்டமான பனிக்கட்டிகள் மண்ணுக்குள் புதைந்தன. அவை உருகியபோது மேலிருந்த மண் அமுங்கிப் பள்ளமானது. பள்ளத்தில் நீர் நின்றது. மேடும் பள்ளமுமாக ஒழுங்கில்லாமல் கிடக்கும் இந்த நிலத்தில் நீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதும் எளிதில் தெரியாது. ஆட்டர் டெய்ல் ஏரியின் நீர் ஆட்டர் டெய்ல் ஆறாகிப் பிரெக்கின்ரிட்ஜில் இன்னோர் ஆற்றோடு சேர்ந்து வடக்கு நோக்கும் ரெட் ஆறாகி, வின்னிபெக் ஏரி வழியே ஹட்சன் விரிகுடாவுக்குப் போகிறது. அதற்குக் கிழக்கே சற்றுத் தொலைவில் இருக்கும் லீஃப் ஏரிகளின் நீர், லீஃப் ஆறு, குரோ விங் ஆறு வழியே மிசிசிப்பியைச் சேர்ந்து மெக்சிகோ வளைகுடாவில் விழுகிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள குறுகிய மேட்டைப் படகைத் தூக்கிக்கொண்டு கடந்தால் கண்டத்தின் ஒரு சரிவிலிருந்து மறுசரிவுக்குப் போய்விடலாம். தோல் வணிகர்களுக்கு இது தெரிந்த வழி. சதுரக் கட்டங்களைப் பார்த்தே பழகிய கண்ணுக்கு இந்த நீர்ப்பிரிவு தட்டுப்படாது. ஊரின் புவியியலைச் சொல்ல வேண்டுமென்றால் செக்ஷன் எண்களைவிட இது முக்கியம்.

பழைய சர்வே ஏடுகளை வெறும் எல்லைக் கணக்கு என்று ஒதுக்குபவர்களும் உண்டு. அது பெரிய இழப்பு. மூலைக்கல் தொலைந்தால் திரும்பக் கண்டுபிடிக்க, அருகிலுள்ள மரங்களின் இனம், அடிமரத்தின் விட்டம், திசை, தூரம் எல்லாவற்றையும் சர்வேயர்கள் எழுதிவைத்தார்கள். அந்தக் குறிப்புகளைத் திரட்டித்தான் பிரான்சிஸ் மார்ஷ்னர் என்பவர் 1930இல், குடியேற்றத்துக்கு முந்தைய மினசோட்டாவில் எங்கே ஓக் காடு, எங்கே பைன், எங்கே புல்வெளி என்று ஒரே வரைபடமாகத் தீட்டினார். ஒரு டவுன்ஷிப்பின் பழைய முகத்தைக் காண விரும்பும் எவரும் முதலில் தேடவேண்டிய வரைபடம் அது.

மக்கள்தொகைக்கு வருவோம். அமெரிக்க சென்சஸின் நாள் ஏப்ரல் 1. அன்று வடக்கு மினசோட்டாவின் ஏரிகளில் இன்னும் பனி உறைந்து கிடக்கும். கேபின்களின் குழாய்களில் நீர் வடித்துவிடப்பட்டு, கதவுகள் பூட்டியிருக்கும். சென்சஸ் கேட்பது 'வழக்கமான இருப்பிடம்': ஆண்டின் பெரும்பகுதி எங்கே வசித்து உறங்குகிறீர்கள்? குளிர்காலத்தை அரிசோனாவில் கழித்துவிட்டு மே மாதம் திரும்பும் முதியவர், ஆண்டின் பெரும்பகுதியை ஏரிக்கரையில் கழிப்பவரானால், ஏப்ரலில் ஆளே இல்லாவிட்டாலும் அந்த ஊர்க்காரர். கோடை முழுவதும் வார இறுதிகளில் வந்து மீன் பிடிக்கும் மினியாபொலிஸ் குடும்பம் அந்த ஊர்க்கணக்கில் இல்லை. விதி தெளிவானது, நியாயமானதும்கூட. ஒருவரை இரண்டு இடத்தில் எண்ண முடியாது.

பனியோடு கணக்கெடுப்பு எப்படிப் பொருந்துகிறது என்பது நாட்டுக்கு நாடு வேறு. அலாஸ்காவின் தொலைதூரக் கிராமங்களில் 2020 சென்சஸ் ஜனவரி 21ஆம் தேதியே, டோக்சூக் பே என்ற ஊரில் தொடங்கிவிட்டது. நிலம் உறைந்திருந்தால்தான் அங்கே போக்குவரத்து எளிது. இந்தியாவில் நேர்மாறு. 2011 கணக்கெடுப்புக்கு மார்ச் 1 என்று நாள் குறித்தபோதும், காஷ்மீர், இமாச்சலம், உத்தராகண்டின் பனி மூடும் பகுதிகளில் 2010 அக்டோபர் 1ஐ அடிப்படையாகக் கொண்டு முன்கூட்டியே எண்ணினார்கள்.

மூடிய வீடுகள் கணக்கிலிருந்து மறைந்துவிடுவதில்லை என்பதுதான் எழுதுபவருக்குக் கிடைக்கும் நல்வாய்ப்பு. 2000இல் ஆட்டர் டெய்ல் கவுண்டியில் 57,159 பேர், 22,671 குடித்தனங்கள், 33,862 வீடுகள். குடித்தனங்களைவிட வீடுகள் 11,191 கூடுதல். விற்பனைக்கோ வாடகைக்கோ காலியாக இருந்தவையும் அதில் உண்டு. ஆனால் பெரும்பகுதி பருவத்துக்கு மட்டும் திறக்கும் கேபின்கள். சென்சஸ் இதற்கென்றே 'பருவகால, பொழுதுபோக்கு, அவ்வப்போதைய பயன்பாடு' என்று தனி வகை வைத்திருக்கிறது. அடர்த்தியைச் சொல்லும்போது நிலப்பரப்பால் வகுத்தால் சதுர மைலுக்கு 29 பேர்; மொத்தப் பரப்பால் வகுத்தால் 26 பேர். கவுண்டி அளவில் வேறுபாடு சிறிது. நான்கில் ஒரு பங்கு ஏரியாக இருக்கும் ஒரு டவுன்ஷிப்பில் இதே தவறு அடர்த்தியையும் கால் பங்கு குறைத்துவிடும்.

உண்மையில் இரண்டு வகுத்தலும் அங்கே வாழ்வதைக் காட்டாது. வீடுகள் எல்லாம் கரையை ஒட்டி வளையமாக நெருங்கியிருக்கும். உட்புறச் செக்ஷன்களில் காடும் வயலும் ஒன்றிரண்டு பண்ணை வீடுகளும்தான். இந்த வளையத்தை ஒரு வாக்கியத்தில் எழுதிவிட்டால், சராசரி எண் தானே தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

2020 கணக்கில் இன்னொரு கவனமும் தேவை. தனிநபர்களை அடையாளம் காண முடியாதபடி சென்சஸ் அமைப்பு சிறு இடங்களின் எண்களில் வேண்டுமென்றே சிறிய ஏற்ற இறக்கங்களைச் சேர்த்தது. மாநில மொத்தத்தில் கை வைக்கவில்லை. வீடுகளின் மொத்த எண்ணிக்கையிலும் கை வைக்கவில்லை. 'பிளாக்' எனப்படும் மிகச் சிறிய கணக்கெடுப்புத் துண்டுகளில் இதன் விளைவு தெரிந்தது. சிகாகோ ஆற்றின் ஒரு வளைவில், தண்ணீரைத் தவிர வேறெதுவும் இல்லாத துண்டில் 14 பேர் வசிப்பதாக வந்தது. ஏரி நாட்டில் நீர் மட்டுமே கொண்ட துண்டுகள் ஏராளம். அங்கே தனித்துண்டின் எண்ணை எடுத்து ஊர்க்கதை எழுதக் கூடாது. துண்டுகளைச் சேர்த்துப் பெரிதாக்கியே பார்க்க வேண்டும்.

இந்த எண்கள் வெறும் அலங்காரமல்ல. மினசோட்டாவில் மார்ச் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, ஊராட்சிகளாகவும் இயங்கும் டவுன்ஷிப்புகள் ஆண்டுக் கூட்டம் நடத்துகின்றன. சாலைக்கு எவ்வளவு, தீயணைப்புக்கு எவ்வளவு என்று அங்கேயே கையைத் தூக்கி வரியை முடிவுசெய்கிறார்கள். ஓட்டு ஊரில் குடியிருப்பவருக்கு மட்டும். கேபின்காரர் வரி கட்டுகிறார். ஓட்டுப் போட முடியாது. ஜல்லிச் சாலைகளைத் தேய்ப்பதில் கோடைகால வண்டிகளுக்கும் பங்குண்டு. பழுதுபார்க்கும் முடிவை எடுப்பவர்கள் ஏப்ரல் 1 கணக்கில் இருப்பவர்கள். இரண்டு மக்கள்தொகைகளையும் தெரிந்துகொள்ளாமல் அந்தக் கூட்டத்தில் நடக்கும் வாதம் யாருக்கும் புரியாது.

ஏரி நாட்டு ஊர்களைப் பற்றி எழுத வருபவர்களிடம் ஒரு வேண்டுகோள். பரப்பை நிலம், நீர் என்று பிரித்து, எந்த ஆண்டுக் கணக்கு என்று போடுங்கள். ஆள் கணக்குக்குப் பக்கத்திலேயே பருவகால வீடுகளின் எண்ணிக்கையையும் எழுதுங்கள். இதற்காகத் தனியாக எங்கும் அலைய வேண்டாம். இரண்டும் ஒரே சென்சஸ் அட்டவணைகளில், யாரும் இலவசமாகப் பார்க்கும்படி இருக்கின்றன.