ஆர்புவாவின் திராட்சைக் குலை

பிராஞ்சு தேசத்தின் கீழ்பால், சுவிட்சர்லாந்தின் எல்லைக்கு அணித்தாய், யூரா மலையடிவாரத்தே ஆர்புவா என்னும் சிற்றூர் ஒன்றுண்டு. ஊரைச் சூழ்ந்த சரிவுகளெல்லாம் திராட்சைத் தோட்டங்களே. ஆண்டுதோறும் செப்டம்பர்த் திங்கள் முதல் ஞாயிற்றுக்கிழமை அவ்வூரார் எடுக்கும் விழாவிற்குப் 'பியூ' என்று பெயர். காணச் செல்வார் ஆடல் பாடல்களைக் கருதிச் செல்வராயினும், திரும்புங்கால் அவர் நெஞ்சில் நிற்பது ஒரு பழக்குலையே.

அக்குலை ஒரு கொடியிற் காய்த்ததன்று. தோட்டமுடையார் பலரும் தத்தம் கொடிகளில் முன்னர்ப் பழுத்த குலைகளைக் கொய்து கொணர்வர். கரியனவும் வெளியனவுமாகிய அவற்றை ஒரு சட்டத்தில் நெருங்கக் கட்டிப் பெருங்குலை ஒன்றாக்குவர். கட்டி முடித்தபின் எவர் ஈந்தது எதுவெனப் பிரித்தறிதல் அரிது. நிறை ஏறக்குறைய 100 கிலோ. நால்வர் அதனைத் தண்டில் தாங்கித் தோளிற் சுமப்பர். பிடில் வாசிப்போர் முன்செல்ல, ஊரார் பின்தொடர, புனித ஜூஸ்த் கோயிலை அடைவர். கானான் நாட்டை உளவறியச் சென்றாருள் இருவர் ஒரு குலையைத் தடியிற் கட்டிச் சுமந்து வந்தனர் என்னும் விவிலிய வரலாறு, காண்பார்க்கு நினைவில் எழும். கோயிலுள் அக்குலை உயரத் தூக்கித் தொங்கவிடப்படும்.

திராட்சை மதுவாகுமன்றோ, அதனைத் தெய்வத்துக்குப் படைத்தல் எங்ஙனம் என வினவுவாரும் உளர். ஈண்டுப் படைக்கப்படுவது பழமே. நொதித்தல் நுண்ணுயிர்களால் நிகழ்வதென நாட்டிய லூயி பாஸ்தர் வளர்ந்த ஊரும் இதுவே. 1874 இல் அவர் இவ்வூர்க்கு அருகே ஒரு தோட்டமும் வாங்கினார். பழம் மதுவாமாறு ஆராயப்பட்ட ஊரில், பழம் பழமாகவே கோயிலேறுதல் வியப்பன்றோ!

இனி, சிறப்பாக நோக்கத்தக்கது காலம். வெப்பம் மிகுந்த இந்நாளிற் பறிப்பு முந்துதலும் உண்டெனினும், இவ்விழா பெரும்பான்மையும் பறிப்புக்கு முன்னரே நிகழ்வது. விளைவு இத்துணையெனக் கணக்கிட்டு, மிஞ்சியதில் ஈவதன்று இக்காணிக்கை, பெறுமுன் ஈவது. விழாவுக்குப் பின்னரும் ஆலங்கட்டி விழினும் விழும். 19 ஆம் நூற்றாண்டின் இறுதியிற் பில்லோக்செரா என்னும் பூச்சி வேரை அழிக்கத் தோட்டங்கள் பாழாயின. அமெரிக்கக் கொடியின் வேரில் ஒட்டுக்கட்டியே அவை மீண்டன. 2021 ஏப்ரலில் உறைபனியால் தளிர் கருகி யூராவில் விளைவு மிகச் சுருங்கிற்று. அத்தகைய ஆண்டில் ஒரு குலை கொய்து கொடுக்கும் கை வேறு. நிறைந்த ஆண்டிற் கொடுக்கும் கை வேறு.

வழிபாடு முடிந்தபின் குலை கோயிலில் தங்க, ஊரார் விருந்துக்குச் செல்வர். பின்னர்க் கத்தரியும் கூடையுமாய்த் தோட்டத்தில் இறங்குங்காலன்றோ, அவ்வாண்டு தமக்குக் கிடைத்தது எவ்வளவு என்பது அவர்க்குத் தெரியவரும்.