டெல்வ்ற் நகரிலே எங்கள் நெடுந்தீவு

பொயிண்ட் குக்கிலிருந்து ஒல்லாந்து போவதென்றால் ஒரு முழுநாள் ஆகாயத்தில்தான். யூலைப் பாடசாலை விடுமுறையில் அம்மம்மாவையும் பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டோம். எண்பதுகளில் அங்கு அகதியாகப் போய்ச் சேர்ந்த பெரியக்கா வீட்டில் தங்கினோம். எல்லோரும் அம்ஸ்ரடாம் வாய்க்கால்களைப் பார்க்கச் சொன்னார்கள். அம்மம்மாவோ, "எனக்கு டெல்வ்றைக் காட்டினால் போதும்" என்று சொல்லிவிட்டா.

அம்மம்மா பிறந்தது நெடுந்தீவில். ஆங்கில வரைபடங்களில் அதன் பெயர் டெல்வ்ற். 1658 இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த ஒல்லாந்தர், எங்கள் தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களைச் சூட்டினார்கள். வேலணை லெய்டன் ஆனது. காரைதீவு அம்ஸ்ரடாம் ஆனது. 1985 மே 15 ஆம் திகதி குமுதினிப் படகில் எம்மவர்கள் வெட்டிக் கொல்லப்பட்ட பின்னர் தீவைவிட்டு வெளிக்கிட்ட அம்மம்மா, இன்றுவரை திரும்பிப் போகவில்லை.

டெல்வ்ற் புகையிரத நிலையத்திலே ஊர்ப் பெயர்ப் பலகையைக் கண்டதும் அம்மம்மா நின்றுவிட்டா. பலகைக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தோம்.

நகரம் சிறியது, நடந்தே பார்க்கலாம். ஒடுங்கிய வாய்க்கால்கள், வளைந்த சிறு பாலங்கள், எங்கும் சைக்கிள்கள். சந்தைச் சதுக்கத்தில் புதிய தேவாலயம் நிற்கிறது. 1584 இல் சுட்டுக் கொல்லப்பட்ட ஒரேஞ்ச் இளவரசர் வில்லியத்தின் கல்லறை அங்கேதான். கோபுரத்துக்கு 376 படிகள். பிள்ளைகள் ஓடி ஏறினார்கள். நாங்கள் மூச்சு வாங்கி ஏறினோம். அம்மம்மா கீழே வாங்கிலில் இருந்து, பெரியக்கா கட்டித் தந்த இடியப்பப் பார்சலுக்குக் காவல்.

பழைய தேவாலயத்தின் கோபுரம் சரிந்து நிற்கிறது. ஓவியர் வெர்மீர் அங்கு அடக்கம் செய்யப்பட்டவர். அவர் பிறந்த அதே 1632 இல், அதே ஊரில் பிறந்தவர்தான் பிலிப்பு பால்தேயு பாதிரியார். யாழ்ப்பாணத்தில் ஊழியம் செய்து, தமிழ் கற்று, எங்கள் நாட்டைப் பற்றி 1672 இல் பெரிய நூலொன்றை வெளியிட்டவர். ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆறு கிளைகளில் ஒன்றும் இந்த நகரில் இருந்தது.

இதையெல்லாம் கேட்ட சின்னவன், "அம்மம்மா, எங்களைக் கேட்டோ பேர் வைச்சவை?" என்றான்.

"இல்லை ராசா. அவை வைச்சவை. நாங்கள் நெடுந்தீவு எண்டுதான் சொன்னனாங்கள்" என்றா அம்மம்மா. பிறகு கல்வேலிகளையும் குதிரைகளையும் பெருக்கமரத்தையும் பற்றிச் சொல்லத் தொடங்கினா. புகையிரதத்தில் திரும்பும்வரை கதை முடியவில்லை. மெல்பேணில் இத்தனை வருடமாக அவ வாய் திறக்காத கதைகள் அவை.

வீடு திரும்பிய பிறகு மூத்தவள் கேட்டாள்: "அப்ப பொயிண்ட் குக் யார் வைச்ச பேர்?" தேடிப் பார்த்தோம். 1836 இல் இந்தக் கரையை அளந்த 'றற்றில்ஸ்னேக்' கப்பலின் மாலுமி ஒருவரின் பெயராம். அதற்கு முன்பே இது புனுறோங் மக்களின் நிலம். எங்களுக்கு இடம் தந்த இந்த ஊருக்கும் அப்படியொரு கதை இருக்கிறது.

புதிதாக வந்திருக்கும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை: ஐரோப்பாவில் உறவினரைப் பார்க்கப் போனால் டெல்வ்றுக்கும் ஒருநாள் ஒதுக்குங்கள். வயது போனவர்களையும் கூட்டிச் செல்லுங்கள். அவர்களிடம் கேட்கவேண்டியதைப் பிந்தாமல் கேளுங்கள்.