கற்பிட்டி மணலில் சின்னஞ்சிறு பாத்திகள்

புத்தளத்திலிருந்து கொழும்பு வீதியால் வந்து பாலாவிச் சந்தியில் திரும்பினால் கற்பிட்டிக்குச் சுமார் 40 கிலோமீற்றர். ஒரு பக்கம் புத்தளம் களப்பு, மறுபக்கம் பெருங்கடல். இரண்டுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல்தரைதான் கற்பிட்டிக் குடாநாடு. நுரைச்சோலை அனல் மின் நிலையத்தின் புகைபோக்கியைக் கடந்ததும் வீதியின் இரு மருங்கிலும் வெங்காயமும் மிளகாயும் பச்சைப் பசேலென்று தென்படும். வெறும் மணலில் இவ்வளவு விளைச்சலா என்று முதற்தடவை வருகிறவர்கள் வியந்து போவார்கள். கற்பிட்டிக்கு வருகிறவர்களில் அநேகர் ஒல்லாந்தர் கோட்டையையும் டொல்பின்களையும் பார்த்துவிட்டுத் திரும்பி விடுகிறார்கள். அன்புச் சகோதரிகளே, நான் உங்களை அழைத்துச் செல்வது அங்குள்ள ஒரு சிறிய முஸ்லிம் பாடசாலையின் பின்புறத்துக்கு.

அங்கே கிடுகு வேலிக்குள் பதினெட்டுப் பாத்திகள். தரம் 2, 3 பிள்ளைகள் மூவருக்கு ஒரு பாத்தி. வேலி இல்லாவிட்டால் ஒரே இரவில் எல்லாம் முடிந்துவிடும். இந்தப் பகுதியில் கழுதைகள் கேட்பாரற்றுத் திரிவது உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். வேலியோரம் சீமைக்கிளுவைத் தடிகளை நட்டிருக்கிறார்கள். அது வேலிக்கு வேலியாகும், அதன் இலை பாத்திக்குப் பசளையும் ஆகும்.

தோட்டம் ஆரம்பமானது 2022இல். அந்த வருடத்தை எந்தக் குடும்பத் தலைவிதான் மறப்பாள்? செப்டெம்பர் மாதத்தில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவுப் பொருட்களின் பணவீக்கம் 94.9 வீதம். வீட்டில் பயிரிடட்டும் என்று அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்த காலம் அது. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்த பிள்ளைகள் வரிசையில் தலைசுற்றி விழுந்ததைப் பார்த்த ஓர் ஆசிரியைதான் முதல் பாத்தியைக் கொத்தினார். ‘சுற்றாடல்சார் செயற்பாடுகள்’ பாடவேளையில் புத்தகத்தை மூடிவிட்டுப் பிள்ளைகளை வெளியே அழைத்துப் போனார்.

மணலில் பயிர் செய்வது லேசான காரியம் அல்ல. ஊற்றும் நீர் நிற்பதில்லை, சல்லடையில் ஊற்றியது போல இறங்கிவிடும். ஆகவே பாத்தியின் அடியில் தேங்காய் மட்டைகளைக் கவிழ்த்துப் புதைத்து, அதன்மேல் மாட்டுச் சாணமும் கூட்டெருவும் கலந்த மண்ணைப் பரப்பியிருக்கிறார்கள். மட்டை நீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். மேலே தும்புத்தூள் தூவினால் வெயில் சுடாது. காலையில் ஒரு தடவை, பாடசாலை விடுமுன் ஒரு தடவை பூவாளியால் தண்ணீர். வாளியைத் தூக்க முடியாத பிள்ளைகள் தகரப்பேணியில் துளையிட்டு வைத்திருக்கிறார்கள். வாயெல்லாம் சிரிப்பு, சட்டையெல்லாம் நனைவு. உம்மாமார் திட்டுவதாகவும் கேள்விப்பட்டேன்!

விதை தெரிவு செய்ததிலும் அந்த ஆசிரியையின் அனுபவம் தெரிகிறது. சிறு பிள்ளைக்கு மூன்று மாதம் காத்திருக்கப் பொறுமை ஏது? முதலில் முள்ளங்கி. போட்ட நாலாம் நாள் முளை தெரியும், ஒன்றரை மாதத்தில் பிடுங்கலாம். கங்குன் அதிலும் விரைவு. அதன் பின்னரே வெண்டியும் பயற்றையும், கடைசியில் கத்தரி. ஒரு பையன் தன் முள்ளங்கியைத் தினமும் பிடுங்கி, கிழங்கு வைத்துவிட்டதா என்று பார்த்து, மறுபடியும் நட்டு வைத்தானாம். அது செத்துப் போனது. டீச்சர் ஏசவில்லை, வேறு விதை கொடுத்தார். இப்போது மற்றவர்களைக் காவல் காப்பவன் அவன்தான்.

நான் சென்றது அறுவடை நாளன்று. வெண்டிக்காயை நகத்தால் முனை ஒடித்துப் பார்த்து, ஒடிந்தால் பிஞ்சு, வளைந்தால் முற்றல் என்று ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி எனக்குப் பாடம் நடத்தினாள். பயற்றங்காயை ஒன்றுவிட்ட ஒரு நாள் ஆய வேண்டும், விட்டால் நார் வைத்துவிடும் என்பதும் அவள் சொன்னதுதான். இன்னொரு சிறுவன், “ஹஸரத், எங்கட கத்தரிக்காய்க்கு ஸகாத் இருக்கா?” என்று கேட்டான். நமது ஷாபிஈ மத்ஹபில் உணவுக்காகச் சேமித்து வைக்கும் தானியங்களுக்கே ஸகாத், மரக்கறிகளுக்கு இல்லை என்றும், ஹனபி மத்ஹபில் அவற்றுக்கும் உண்டு என்றும் சொன்னேன். “அப்ப நான் பக்கத்து வீட்டுக்குச் சும்மா கொடுக்கிறன்” என்றான்.

அந்தச் சிறுமியின் குடும்பம் 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்தவர்களின் வழி. அவளுடைய உம்மா பிறர் வெங்காயத் தோட்டங்களில் நாட்கூலிக்குக் களை பிடுங்குகிறார். வீட்டு வளவில் ஒரு மிளகாய்க் கன்று வைக்கவும் இடமில்லை. மூன்று தலைமுறைக்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் ஒருத்திக்கு ‘என் பாத்தி’ என்று சொல்ல ஏதோ கிடைத்திருக்கிறது. அவள் பங்குக்கு வந்த ஒரு பிடி பயற்றங்காயை முந்தானையில் முடிந்த பணம்போல் பொத்திக்கொண்டு போனாள்.

எல்லாம் எளிதாக நடக்கவில்லை. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே நாளில் தடைசெய்து, நவம்பரில் நீக்கினார்களே, அதில் நொந்துபோன விவசாயிகளுக்குச் ‘சேதனப் பசளை’ என்ற சொல்லே கசக்கிறது. “எங்கட பிள்ளைகளையும் கெடுக்கிறீர்களா?” என்று சில வாப்பாமார் பாடசாலைக்கே வந்து கேட்டிருக்கிறார்கள். அவர்களுடைய கோபம் நியாயமானது. விவசாயியைக் கேட்காமல் செய்த காரியம் அது. ஆனால் அந்த ஆசிரியை பேசுவது அரசியல் அல்ல, கிணற்றைப் பற்றி.

கற்பிட்டியின் நன்னீர் மணலுக்கடியில், உப்பு நீருக்கு மேலே ஒரு மெல்லிய படையாக மிதந்து நிற்கிறது. மழை மட்டுமே அதை நிரப்புகிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழிருக்கும் உப்பு மேலேறும். அளவுக்கு மிஞ்சி யூரியா போட்டால் பயிர் உறிஞ்சாத மிச்சம் நைத்திரேற்றாக மாறி நேரே கிணற்றில் இறங்கும். ஆய்வாளர்கள் இதை 1980களிலிருந்தே எழுதி வருகிறார்கள். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. இங்குள்ள பல தோட்டக் கிணறுகளில் அதைவிட அதிகம் காணப்பட்டிருக்கிறது.

தாய்மாரே, இதைக் கவனமாக வாசியுங்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நீர் ஆவியாகக் குறையக் குறைய அது செறிவடையவே செய்யும். அப்படியான கிணற்று நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் சக்தியை இழந்து, உதடும் நகமும் நீலம் பாரிக்கலாம். தோட்டம் சூழ்ந்த ஊர்களில் இருப்பவர்கள் கிணற்று நீரைப் பரிசோதித்துக்கொள்வது அவசியம். தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு.

ஆகவேதான் அந்தப் பதினெட்டுப் பாத்திகளில் யூரியா இல்லை. விளைச்சல் பக்கத்துத் தோட்டத்தைவிடக் குறைவுதான், அதை ஆசிரியை மறைப்பதில்லை. காய்கள் சிறியவை, சிலவற்றில் புழுவும் இருந்தது.

வேறு சில பாடசாலைகளிலும் தோட்டங்களைப் பார்த்திருக்கிறேன். அதிகாரி வரும் நாளில் நட்டு, படம் பிடித்து, மறுவாரம் வாடவிட்டவை. இன்னும் சில இடங்களில் குழப்படி செய்யும் பிள்ளைக்குத் தண்டனை களை பிடுங்குவது. மண்ணைத் தண்டனையாகப் பழக்கினால் அந்தப் பிள்ளை பெரியவனானதும் மண்வெட்டியைத் தொடுவானா?

இங்கே அன்று ஆய்ந்ததில் பாதி பகலுணவுக்குப் போனது. வெண்டிக்காய்ப் பாற்கறியும் கங்குன் சுண்டலும். வீட்டில் கீரையை ஒதுக்கி வைக்கும் பிள்ளைகள் ‘இது என்னுடையது’ என்று இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கினார்கள். விடுமுறைக் காலத்தில் தண்ணீர் ஊற்றுவது யார் என்பதுதான் இன்னும் தீராத பிரச்சினை. காவலாளியோடு இரண்டு உம்மாமார் முறை வைத்து வருவதாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஒவ்வொரு வெண்டிப் பாத்தியிலும் ஒரு காயை ஆயாமல் விட்டு, சிவப்பு நூல் கட்டியிருந்தார்கள். அது அடுத்த தவணைக்கு விதை.